மாற்றுக் குறைந்த காலம்

2025 மே 7 ஆம் தேதி விடியற்காலையில் பாகிஸ்தான் எல்லைக்கு அப்பால் நம் படை தாக்குதல் நடத்திய செய்தி வந்ததிலிருந்து, 10 ஆம் தேதி மாலை சண்டை நிறுத்தம் அறிவிக்கப்படும் வரை, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் எந்த வெடிச்சத்தமும் கேட்கவில்லை. ஆனால் அந்த நான்கு நாள்களுக்குள் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் 25 கிலோ அரிசி மூட்டைகள் மூன்று வந்து இறங்கியிருந்தன. மகன்தான் வாங்கி வந்திருந்தான். கைப்பேசிக்கு வந்த ஒரு குரல் பதிவு, இன்னும் ஒரு வாரத்தில் கடைகளில் சரக்கு இருக்காது என்று சொன்னதாம். பேசியது யார், எந்த ஊரிலிருந்து பேசினார் என்று கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை. வீட்டில் நாங்கள் நான்கு பேர்தான். ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். மனத்தாங்கலோடுதான் எடுத்துக்கொண்டு போனான். அவன் திரும்பி வந்த பிறகு அன்றிரவு அவனிடம் சொல்லத் தொடங்கியவற்றையே இங்கே எழுதுகிறேன்.

நான் 1952 இல் பிறந்தவன். 1974 முதல் 2010 வரை கூட்டுறவுச் சங்கத்தின் ரேஷன் கடைகளில் விற்பனையாளராக வேலை பார்த்தேன். அதற்கு வெகுகாலம் முன்பு, பதினொரு வயது வரை, அப்பாவின் நகைப் பட்டறையில் உமியோட்டுக்கு, அதாவது உமித் தீ வைக்கும் ஓட்டுக்கு, முன்னால் உட்கார்ந்து ஊதுகுழல் பிடித்தவன். அந்தப் பட்டறை ஒரு போரின் பெயரால் மூடப்பட்டது. சண்டை நடந்தது இமயமலையில். அதுவும் ஒரு மாதத்தில் ஓய்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் அது ஓயப் பல ஆண்டுகள் ஆயின. போர்க்காலத்தில் பிறக்கும் உத்தரவு போர் முடிந்ததும் தானாக முடிந்துவிடுவதில்லை என்பதையும், அதன் பாரம் எதிர்த்துப் பேச முடியாதவர்கள் தலையில்தான் முதலில் இறங்குகிறது என்பதையும் நான் எந்த நூலையும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

எங்கள் ஆயா, அதாவது அப்பாவின் தாயார், உலகப்போரை ஒரு ரூபாய் நாணயத்தைக் கொண்டுதான் நினைவு வைத்திருந்தார். 1940 இல் அரசு வெள்ளி ரூபாயின் மாற்றை, அதாவது தூய்மையின் அளவை, குறைத்தது. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியாக இருந்த நாணயம் பாதி வெள்ளியாக மாறியது. வெள்ளி வேலை செய்துகொண்டிருந்த தாத்தா புது ரூபாயைக் கல்லில் உரைத்துப் பார்த்துவிட்டு, "சண்டை வீட்டுக்குள்ள வந்துடுச்சு" என்று சொன்னாராம். பழைய ரூபாய்களை ஊரார் பதுக்கத் தொடங்கினார்கள். கொலுசுக்கு உருக்கக் கொண்டுவரப்பட்ட ராணி தலை ரூபாய்கள் சந்தையிலிருந்து மறைந்தன. அதே ஆண்டில் ஒரு ரூபாய்க்குக் காகித நோட்டு வந்தது. 1943 இல் செம்பை மிச்சப்படுத்துவதற்காக நடுவில் துளையிட்ட காலணா வந்தது. ஓட்டைக் காலணா என்று பெயர் பெற்ற அதைக் கயிற்றில் கோத்துக் குழந்தையின் அரையில் கட்டிய வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன என்று ஆயா சொல்வார்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அதுவரை நம் மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. ஆயாவின் அண்ணன் ஒருவர் அங்கே கடைக்கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். மலையும் காடும் கடந்து நடந்து வந்த இலட்சக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவரை ஆயாவுக்கு அடையாளம் தெரியவில்லையாம். அவர் நடந்து வந்த அதே காலத்தில்தான் ஊரில் அரிசிக்கு வரிசை தொடங்கியது. மறு ஆண்டில் சென்னை நகரத்தில் முறையான பங்கீடு வந்து, பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. இத்தனையும் நடந்தபோது மாகாணத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவை இல்லை. இந்தியர்களைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் சேர்த்ததைக் கண்டித்து 1939 அக்டோபரில் ராஜாஜியின் அமைச்சரவை விலகியது. 1946 வரை ஆளுநரின் ஆட்சிதான். அரிசி ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு ஒரு சட்டமன்றம்கூட இல்லாத காலத்தில்தான் மக்கள் பங்கீட்டு அட்டையைக் கையில் வாங்கினார்கள்.

போர் 1945 இல் முடிந்தது. சென்னை மாகாணத்தில் அரிசிக் கட்டுப்பாட்டை, மீண்டும் முதல்வரான ராஜாஜி நீக்கியது 1952 இல், நான் பிறந்த ஆண்டில். பிற்காலத்தில் அதே அட்டையை வேறு நிறத்தில் வைத்துக்கொண்டு முப்பத்தாறு ஆண்டுகள் அரிசி அளந்தவன் என்ற முறையில், அந்த ஏழாண்டு இடைவெளியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ரேஷன் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. போரில் பிறந்த ஏற்பாடுகளில் ஏழைக்குச் சோறு போட்டது அது ஒன்றுதான் என்று உறுதியாக நம்புகிறேன். எந்த உத்தரவு எதற்காக வந்தது, யாருக்கு உதவுகிறது என்று அவ்வப்போது எடுத்துப் பார்க்காவிட்டால் நல்லதும் கெட்டதும் ஒரே கோப்பில் கிடந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி எங்கள் பட்டறைக்கு வருகிறேன். 1962 அக்டோபர் 20 ஆம் தேதி சீனப் படைகள் தாக்கின. 26 ஆம் தேதி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நவம்பர் 21 ஆம் தேதி சண்டை நின்றது. அந்த ஒரு மாதத்தில் ஊரே ஒன்றாயிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவ்வாண்டு ஜூலையில் விலைவாசியை எதிர்த்துச் சிறை சென்றிருந்த தி.மு.க.வினர், போராட்டங்களை நிறுத்திவிட்டுப் பாதுகாப்பு நிதி திரட்டினார்கள். அதுவரை காங்கிரஸ்காரரோடு பேசாமலிருந்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அவரோடு ஒரே துண்டின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக வந்தார். பள்ளியில் ஆளுக்கு இரண்டணா என்று சொல்லிக்கொண்டு, அப்போது புதிதாக வழக்கத்துக்கு வந்திருந்த பன்னிரண்டு காசைக் கொடுத்தோம். மஞ்சக்குப்பத்தில் நடந்த கூட்டம் ஒன்றில் அம்மா தன் விரலிலிருந்த அரைச் சவரன் மோதிரத்தைக் கழற்றித் தட்டில் போட்டார். அது அப்பா செய்தது. போட்டுவிட்டு வந்த அம்மாவின் முகத்தில் இருந்த பெருமிதம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. கடைசி வரை அவர் அதற்காக வருந்தியதே இல்லை. ஆனால் ரசீது என்று ஒரு தாள் கிடைத்திருந்தால் அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பேன் என்று பலமுறை சொன்னார். கூட்ட நெரிசலில் யாரும் ரசீது கேட்கவில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. கேட்டால் தவறாக நினைப்பார்கள் என்ற தயக்கமும் இருந்தது. இன்று போர்நிதி, வெள்ளநிதி எதுவானாலும், கொடுப்பது ஒரு ரூபாயானாலும், ரசீது கொடுக்கும் இடத்தில் மட்டும் கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். நாட்டின் மீதுள்ள அன்புக்கும் கணக்குக் கேட்பதற்கும் பகை கிடையாது.

சண்டை ஓய்ந்து ஏறத்தாழ ஐம்பது நாள் கழித்து, 1963 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள்களே இருந்தபோது, தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. நிதியமைச்சராக இருந்த மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த அந்த விதிகள் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்டவை. ஆயுதம் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும், கள்ளத்தனமாக உள்ளே வரும் தங்கம் அதை உறிஞ்சுகிறது, ஆகவே மக்களின் தங்க ஆசையைக் குறைக்க வேண்டும் என்பது காரணம். இனிமேல் 14 காரட்டுக்கு மேல் மாற்றுள்ள நகையைச் செய்யக் கூடாது என்பது உத்தரவு.

பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்லும் நம் கணக்கில் 14 காரட் என்பது ஆறு மாற்றுக்குச் சற்றே மேல். நூறு பங்கில் ஐம்பத்தெட்டுப் பங்குதான் பொன். மீதி செம்பும் வெள்ளியும். சட்டம் எழுதியவர்களுக்கு அது ஓர் எண்ணாகத் தெரிந்திருக்கலாம். உமியோட்டின் முன் உட்கார்ந்திருப்பவனுக்கு அது வேறொரு உலோகம். கம்பி இழுத்தால் அச்சில் அறுந்துவிடும். தகடாகத் தட்டினால் ஓரம் வெடிக்கும். நிறம் சில மாதங்களில் கறுக்கும். அப்பா இரண்டு நாள் இரவு பகலாக அதில் ஒரு தோடு செய்து பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் அதை உரைகல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார். அந்தத் தோட்டை வாங்க யாரும் வரவுமில்லை. தாலியை ஆறு மாற்றில் செய்து பெண்ணின் கழுத்தில் கட்ட எந்தக் குடும்பம் ஒப்பும்?

தை மாதம் கல்யாண மாதம். பட்டறையில் மூன்று வீட்டாரின் தங்கம் கையிருப்பில் இருந்தது. இரண்டு வீட்டாருடையது பழைய நகையாகவே இருந்ததால் அப்படியே திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது வீட்டாருடையதைப் பொன்னுருக்கும் நாள் பார்த்து உருக்கிக் கட்டியாக்கியிருந்தார். நகையாக இல்லாத தங்கத்தைக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதும் அந்த விதிகளில் இருந்ததால், அந்தக் கட்டியை வைத்துக்கொள்ள அப்பாவுக்குப் பயம், வாங்கிக்கொள்ள அவர்களுக்குப் பயம். கடைசியில் இரவில் வந்து வாங்கிக்கொண்டு போனவர்கள், மறுநாளே வந்து எடை குறைகிறது என்றார்கள். முப்பது ஆண்டு வாடிக்கையாளர்கள் அவர்கள். "பத்தரே, உங்க மேல சந்தேகம் இல்ல, ஆனா..." என்று இழுத்தபோது அப்பாவின் முகம் போன போக்கைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. ஆயா உள்ளேயிருந்து நோட்டை எடுத்து வந்தார். எந்தத் தேதியில் எத்தனை சவரன், எத்தனை குன்றிமணி, அழுக்குக்கும் கல்லுக்கும் எவ்வளவு கழிவு, உருக்கிய பிறகு எவ்வளவு என்று எழுதி, அடியில் அந்த வீட்டுப் பெரியவரே கையெழுத்துப் போட்டிருந்தார். பேச்சு அத்தோடு முடிந்தது. அச்சம் ஊருக்குள் நுழைந்துவிட்ட நாள்களில் பழகிய முகமும் பல்லாண்டு நம்பிக்கையும் போதாமல் போகும், கையெழுத்து வாங்கிய தாள் மட்டுமே நிற்கும் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். பிறர் பொருளைக் கையில் வைத்துத் தொழில் செய்யும் எவரும், தையல்காரரானாலும் வண்டி பழுது பார்ப்பவரானாலும், அமைதியான நாள்களிலேயே இந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா எதிர்த்துப் பேசவில்லை. நாடெங்கும் பத்தர்கள் ஊர்வலம் போனார்கள், மறியல் செய்தார்கள். வறுமை தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகளும் தொடர்ந்து வந்தன. எங்கள் தெருவிலும் சிலர் அப்பாவை அழைத்தார்கள். மலையில் பையன்கள் குளிரில் செத்திருக்கிறார்கள், நான் என் பட்டறைக்காகக் கொடி பிடிக்கவா என்று அவர் மறுத்துவிட்டார். அதில் உண்மை இருந்தது. அதனால்தான் அவ்வளவு வலித்தது. இழப்பைச் சொன்னாலே தேசத்துக்கு எதிரானவன் ஆகிவிடுவோமோ என்ற கூச்சம், நேர்மையான மனிதர்களைத்தான் முதலில் ஊமையாக்குகிறது. பதுக்கல்காரருக்கு அந்தக் கூச்சம் ஒருநாளும் வந்ததில்லை.

வேலையிழந்த பொற்கொல்லர்களுக்கு மாற்றுத் தொழில் தொடங்கக் கடனும், பிள்ளைகளுக்குப் படிப்புதவியும் தருவதாக அரசு அறிவித்தது. பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். விண்ணப்பத் தாளை வாங்கி வந்து கொடுத்தவர், அப்பாவோடு கூடவே தொழில் கற்ற பக்கத்துப் பட்டறைக்காரர். அவர் நிரப்பிக் கொடுத்தார், கடன் கிடைத்தது, சிறிய அளவில் பாத்திரக் கடை வைத்தார். அப்பா தாளை வாங்கி வைத்துக்கொண்டார், நிரப்பவில்லை. தேதி கடந்துவிட்டது. பண்ருட்டிச் சாலையில் ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் எடை போடும் வேலைக்குப் போனார். குன்றிமணி எடையில் கை பழகியவர் மூட்டை எடைக்கு மாறினார். 1966 இல் 14 காரட் கட்டுப்பாடு நீங்கியது. அப்பாவால் திரும்ப முடியவில்லை. மூன்றாண்டு மூட்டை தூக்கிய விரல்களில் சாமணம் என்னும் சிறு இடுக்கி நிற்கவில்லை. 1968 இல் தனிச் சட்டமாகவே மாறிய தங்கக் கட்டுப்பாடு 1990 இல்தான் முழுமையாக நீக்கப்பட்டது. ஒரு மாதச் சண்டையின் பெயரால் வந்தது இருபத்தேழு ஆண்டு இருந்தது.

வேலை பறிபோகும் போது அரசு நீட்டும் தாள் எவ்வளவு அற்பமாகத் தெரிந்தாலும், எவ்வளவு அவமானமாகத் தோன்றினாலும், அதை முதல் வாரத்திலேயே நிரப்பிக் கொடுத்து, ஒப்புதல் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று இதைப் படிப்பவர்களை வேண்டுகிறேன். கொரோனா காலத்தில் எங்கள் தெருவில் பட்டறையும் தறியும் நின்றுபோனவர்களிடம் இதைத்தான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

இந்த இடத்தில் புதுச்சேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே மார்கழி தையில் அங்கே என் தாய்மாமன் வீட்டுத் தெருவில் இன்னொரு தாளைப் பற்றித்தான் பேச்சாக இருந்தது. அம்மாவின் ஊர் முத்தியால்பேட்டை. 1962 ஆகஸ்ட் 16 ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதங்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உடன்படிக்கை சொன்னது. பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். முதல் உலகப்போரில் பிரான்சுக்குப் போய் மடிந்தவர்களுக்காக 1938 இல் கடற்கரைச் சாலையில் எழுப்பிய நினைவுச் சின்னத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இப்போதும் நவம்பர் 11 ஆம் தேதி அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். மாமன் தெருவில் இருந்த சொல்தாக்கள் இந்தோசீனாவில், 1946 இல் தொடங்கி 1954 வரை நடந்த போரில் இருந்தவர்கள்.

அங்கே பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு விதவைகள் இருந்தார்கள். இருவர் கணவன்மாரும் அந்தப் போரில் இருந்தவர்கள். ஒருவர் தம் திருமணத்தை மேரியில், அதாவது நகரசபையில், பதிவு செய்திருந்தார். பிள்ளைகளின் பிறப்பையும் அங்கேயே எழுதியிருந்தார். கணவனின் படைக் குறிப்பேட்டை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். அவருக்கு ஓய்வூதியம் வந்தது. பிள்ளைகள் பின்னாளில் பிரான்சுக்குப் போனார்கள். மற்றவர் கோயிலில் தாலி கட்டிக்கொண்டதோடு சரி. மனைவி என்று நிறுவத் தாள் எதுவுமில்லை. அவர் இட்லி சுட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். இருவரின் துக்கமும் ஒன்றுதான். இராணுவத்தில், துணைப்படையில், வெளிநாட்டு வேலையில் இருக்கும் மகனோ மருமகனோ உள்ள வீட்டார் திருமணப் பதிவையும் வாரிசுப் பெயரையும் இன்றே சரிபார்த்துக்கொள்வது நல்லது. அத்தைதான் இதை எனக்கு அப்போதே சுட்டிக் காட்டியவர். என் திருமணம் முடிந்த மறுவாரமே பதிவு அலுவலகத்துக்கு என்னை அனுப்பியவரும் அவரே.

அரசியலில் நடந்ததை நான் அப்போது புரிந்துகொள்ளும் வயதில் இல்லை. பிறகு வருடங்களை அடுக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. 1962 நவம்பரில் சீனச் சார்புடையவர்கள் என்று கம்யூனிஸ்டுகள் பலர் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிக்கப்பட்டார்கள். சீன வம்சத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக ஏறத்தாழ 3000 பேர் வடகிழக்கிலிருந்து ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1963 இல் பிரிவினை கோருவதைத் தடுக்கும் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது, தி.மு.க. தன் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் எழுந்தபோது, எங்கள் தென்னார்க்காடு மாவட்டத்தின் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அந்தப் போராட்டத்தின் போது தலைவர்களைப் பிடித்து அடைக்கப் பயன்பட்டதும் சீனாவுக்கு எதிராக வந்த அதே பாதுகாப்புச் சட்டம்தான். சீனச் சண்டை நின்று இரண்டாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி 10 வரை நீடித்தது.

1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒருவேளை உணவை விடச் சொன்னார். திங்கட்கிழமை இரவு எங்கள் ஊர் ஓட்டல்கள் அடுப்பை மூட்டவில்லை. அம்மா அந்த ஒரு வேளையை விடாமல் விட்டார். எங்கள் வீட்டில் அப்போது வாரத்தில் வேறு சில இரவுகளிலும் அடுப்பு எரியவில்லை என்பதை அவர் வெளியில் சொன்னதில்லை. போரும் மழை பொய்த்ததும் சேர்ந்து அரிசியை எட்டாத பொருளாக்கிய அந்த இரண்டாண்டு முடிவில், 1967 தேர்தலில், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற சொல் ஆட்சியையே மாற்றியது. மொழிப் போராட்டத்தோடு அரிசியும் சேர்ந்துதான் அண்ணாவைக் கோட்டைக்கு அனுப்பியது என்று நான் கருதுகிறேன். மல்லாட்டை மண்டியிலிருந்து அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் அப்பா வாக்களித்தார். யாருக்கு என்று சொல்லவில்லை; அன்று மாலை வீட்டுக்கு வந்து பல நாள்களுக்குப் பிறகு உரைகல்லைத் துடைத்து வைத்தார்.

1971 இல் வங்கதேச அகதிகளுக்காக ஒவ்வொரு கடிதத்திலும் ஐந்து காசு அஞ்சல்தலை கூடுதலாக ஒட்டினோம். அதை யாரும் பாரமாக நினைக்கவில்லை. எதற்காக என்பது அந்தத் தலையிலேயே அச்சாகியிருந்ததால் அது நேர்மையான வரியாக இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 3 ஆம் தேதி அறிவித்த நெருக்கடி நிலை பதினான்கு நாள் போரோடு முடியவில்லை. 1975 இல் அதன் மேல் இன்னொன்று ஏறியது. இரண்டும் 1977 மார்ச்சில்தான் விலகின. விசாரணையின்றி அடைத்து வைக்க வழிசெய்து 1971 இல் நிறைவேறிய மிசா சட்டம் 1976 இல் நம் ஊர் அரசியல் தொண்டர்களைச் சிறையில் வைத்தது. ஆகையால் ஓர் அவசர உத்தரவு வரும்போது நான் இரண்டு கேள்விகள் கேட்பது வழக்கம்: எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது, எந்தத் தேதியில் முடிகிறது. முடியும் தேதி இல்லையென்றால் நம் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அதைக் கேட்டு எழுதலாம். நான் எழுதியிருக்கிறேன், சில முறை பதிலும் வந்திருக்கிறது.

ரேஷன் கடையில் நான் கற்றது பதுக்கலைப் பற்றி. 1990 ஆகஸ்ட்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தது. பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பக்கத்து வீடுகளில் அங்கே வேலை பார்த்த பிள்ளைகளைக் காணாத கலக்கம்; சுமார் 1,70,000 இந்தியர்களை விமானங்களில் கொண்டுவந்து சேர்த்த நாள்கள் அவை. எங்கள் கடையில் மண்ணெண்ணெய்க்கு அடிதடி. என் கடையில் ஏறத்தாழ 900 அட்டைகள். மாதச் சரக்கு முதல் வாரத்தில் பாதி, மூன்றாம் வாரத்தில் மீதி என்று வரும். அட்டைதாரர்கள் மாதம் முழுவதும் பரவி வரும் வரை பற்றாக்குறை தெரியாது. வதந்தி வந்த அன்று எல்லோரும் ஒரே காலையில் வந்து நின்றார்கள். முன்னூறாவது ஆளோடு பீப்பாய் காலியானது. மீதி அறுநூறு பேர், வதந்தி உண்மை என்று தங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டதாக நம்பிக்கொண்டு திரும்பிப் போனார்கள். சரக்கு குறையவே இல்லை, வந்த நேரம் மட்டுமே மாறியது. மறுமாதம் நான் தெரு வாரியாக நாள் பிரித்து, எந்தத் தெருவுக்கு எந்த நாள், கையிருப்பு எவ்வளவு என்று காலையும் மாலையும் பலகையில் எழுதினேன். வாங்க வராதவரின் பங்கு மாதக் கடைசி வரை அவருக்கே இருக்கும் என்றும் எழுதினேன். இரண்டே வாரத்தில் வரிசை கரைந்தது. வீட்டுக்கு ஒரு மாதத் தேவையை எப்போதும் வைத்திருப்பது சேமிப்பு. செய்தி கேட்டு மூன்று மாதத்துக்கு வாங்குவது அடுத்த வீட்டின் இந்த மாதத்தை எடுத்துக்கொள்வது. மகன் இரண்டு மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியிருந்தது இதனால்தான். எண்ணெய் விலை உயர்ந்து செலாவணி வற்றிய மறு ஆண்டில், 1991 இல், நாடே தன் தங்கத்தை அடகு வைத்தது. அப்பா அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அந்த ஆண்டுகளில் இலங்கை அகதிகள் முகாம் அட்டைகளுக்கும் நான் அரிசி அளந்தேன். கிலோ 57 காசு. 1983 இல் அவர்கள் வந்தபோது எங்கள் ஊரார் பழந்துணியும் பாத்திரமும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1991 மே 21 ஆம் தேதி ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அதே ஊரார் வரிசையில் அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கத் தயங்கினார்கள். ஒரு பெண்மணி, நான்கு வயதுக் குழந்தையோடு, கடை திறந்ததிலிருந்து தள்ளித் தள்ளி நின்று, எல்லோரும் போன பிறகு வந்து, "தம்பி, இப்ப தருவீங்களா" என்று கேட்டார். அதற்கு மறுநாள் முதல் வரிசை எண் கொடுத்து, எண்ணைச் சொல்லி அழைக்கும் வழக்கத்தை வைத்தேன். யார் எந்த ஊர் என்பது அளக்கும் படிக்குத் தெரிய வேண்டியதில்லை. குற்றம் செய்தவர் ஒருவராக இருக்க, அவர் பேசும் பேச்சைப் பேசுகிற அத்தனை பேரையும் சந்தேகிப்பது போர்க்காலத்தில் வரும் நோய். அதற்கு மருந்தாக ஒரு விற்பனையாளரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மகனிடம் அன்றிரவு இவற்றைச் சொல்லி முடித்தபோது, கைப்பேசியில் வந்த அந்தக் குரல் பதிவை எத்தனை பேருக்கு அனுப்பினாய் என்று கேட்டேன். இரண்டு குழுக்களுக்கு என்றான். அவற்றில் போய், அது பொய், நம் தெருக் கடையில் சரக்கு இருக்கிறது, நானே பார்த்தேன் என்று எழுதச் சொன்னேன். எழுதினான். பேரப்பிள்ளை அதைப் படித்துவிட்டு, தாத்தா அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினோம். ஆயா எடுத்து வந்து காட்டிய எடைக்கணக்கு நோட்டு, ஓட்டைக் காலணா இரண்டு, அகதிகள் நிவாரணத் தலை ஒட்டிய ஒரு கடித உறை, உரைகல், யாரும் வாங்காத அந்த ஆறு மாற்றுத் தோடு. அடியில் நான்காக மடித்த விண்ணப்பத் தாள். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்ததால் மெல்ல விரித்தேன். பெயர் எழுத வேண்டிய இடத்தில் அப்பா தம் முதலெழுத்தை மட்டும் எழுதியிருந்தார். மை அந்த ஓர் எழுத்தின் மேல் ஊறிப் பரவியிருந்தது, பேனாவை எடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தவர் போல.